மத்திய வேல்ஸில் மலைச் சைக்கிள்: காடு, ஆறு, பழைய வழித்தடங்கள்

பர்மிங்காமிலிருந்து இரண்டு மூன்று நாள் விடுப்பில் வேல்ஸ் மலைகளுக்குச் சென்று, சைக்கிளுக்கென்றே வெட்டப்பட்ட டிரெயில் சென்டர்களில் அல்லாமல், காடும் ஆற்றுப் பள்ளத்தாக்கும் சிற்றூர்களும் வழியில் வரும்படி ஓட்ட எந்தப் பாதைகள் ஏற்றவை, அவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மத்திய வேல்ஸின் கேம்பிரியன் மலைத்தொடருக்குச் செல்லுங்கள், ரையடர் என்ற சிற்றூரில் தங்குங்கள் என்பது என் முதல் பரிந்துரை. அதைவிட முக்கியமாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பாதையின் நீளத்தையும் ஏற்றத்தையும் பார்ப்பதற்கு முன், அதை யார், எதற்காக உண்டாக்கினார்கள் என்று பாருங்கள். அந்த மலைகளில் உள்ள பழைய பாதைகள் எவையும் சைக்கிளுக்காக உண்டானவை அல்ல. மடத்திலிருந்து மடத்துக்குத் துறவிகள் நடந்த வழி, இங்கிலாந்துச் சந்தைகளுக்கு மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்ற வழி, ஈயச் சுரங்கங்களுக்கு வண்டிகள் போய்வந்த தடம், அணை கட்டக் கல்லும் சிமென்டும் சுமந்த ரயில் பாதை என ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் தெரிந்தால் ஏற்றம் எவ்வளவு இருக்கும், தரை எப்படி இருக்கும், மழையில் என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே ஊகித்துவிடலாம்.

அதற்கு முன் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். புதிதாக வருபவர்கள் சிக்கலில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுப்பாதைகள் எல்லாவற்றிலும் சைக்கிள் ஓட்டும் உரிமை கிடையாது. நடைபாதை என்று பதிவானவற்றில் நடப்பதற்கு மட்டுமே உரிமை உண்டு. குதிரைப்பாதை என்று பதிவானவற்றில் சைக்கிள் ஓட்டும் உரிமையை 1968-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் வழங்கியது. நடந்து செல்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையும் அதே சட்டத்தில் இருக்கிறது. இவற்றுக்கு மேல், எல்லா வாகனங்களுக்கும் திறந்திருக்கும் பழைய வண்டிப்பாதைகள் உள்ளன. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலைவெளிகள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டபோதும், அந்த உரிமை நடந்து செல்பவர்களுக்கே கிடைத்தது. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் சைக்கிளையும் சேர்த்து விரிவான உரிமை தந்திருப்பதால், அங்கே ஓட்டிப் பழகியவர்கள் வேல்ஸிலும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள்.

ஆகவே பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடம் கையில் இல்லாமல் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். 1:25,000 அளவிலான எக்ஸ்புளோரர் வரிசையில் பச்சை நிறத்தில் நீண்ட கோடுகளாக வருவது குதிரைப்பாதை. சிறிய கோடுகளாக வருவது நடைபாதை. ரையடரையும் எலான் பள்ளத்தாக்கையும் உள்ளடக்கிய தாள் எக்ஸ்புளோரர் 200. பகுதி முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க 1:50,000 அளவிலான லேண்ட்ரேஞ்சர் 147-ஆம் தாள் உதவும். கைப்பேசிச் செயலிகளில் மற்றவர்கள் பதிவேற்றிய தடங்களை அப்படியே நம்ப வேண்டாம். யாரோ ஒருவர் நடைபாதையில் ஓட்டிவிட்டுப் பதிவேற்றியிருந்தால், அதைப் பின்தொடரும் நூறு பேருக்கும் அந்த நிலத்து விவசாயியின் கோபம்தான் பரிசு. அந்தக் கோபம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

முதல் நாளுக்கு எலான் பள்ளத்தாக்குத் தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது ஒருவகையில் வீட்டோடு தொடர்புள்ள பாதை, ஏனென்றால் பர்மிங்காமின் குழாய்களில் வரும் நீர் அங்கிருந்துதான் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்த நகரத்துக்குத் தூய நீர் போதவில்லை. 1892-இல் நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேற்றி, எலான் பள்ளத்தாக்கை நகராட்சி கையகப்படுத்தியது. ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை, நீர் கீழே இறங்கிப்போகாத களிப்பாறை, அணைக்கு ஏற்ற குறுகிய பள்ளத்தாக்கு, பர்மிங்காமைவிட உயரமான இடம் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்திருந்தன. ஏறக்குறைய 117 கிலோமீட்டர் தூரத்தை அந்த நீர் மோட்டார் எதுவும் இல்லாமல் சரிவிலேயே ஓடிக் கடக்கிறது. மொத்த இறக்கம் 52 மீட்டர்தான் என்பதால் வந்து சேர ஒன்றரை நாள் ஆகிறது. பள்ளத்தாக்கில் வாழ்ந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் வெளியேற வேண்டியிருந்தது. நிலம் சொந்தமாக இருந்தவர்களுக்கு மட்டுமே இழப்பீடு கிடைத்தது. தேவாலயமும் பள்ளியும் வீடுகளும் நீருக்கடியில் போயின. 1904-இல் மன்னர் ஏழாம் எட்வர்ட் திட்டத்தைத் திறந்து வைத்தார். அணைகளின் கம்பீரமான கட்டுவேலையை வியக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அணை கட்டுவதற்காக நகராட்சியே ஒரு ரயில் பாதையை அமைத்தது. வேலை முடிந்ததும் தண்டவாளங்கள் அகற்றப்பட்டன; எஞ்சிய படுகைதான் இன்று ரையடரிலிருந்து கிரெய்க் கோக் அணை வரை சுமார் 14 கிலோமீட்டருக்குச் செல்லும் தடம். நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் பாதை முழுவதும் சீரான, மெல்லிய ஏற்றமாகவே இருக்கும். காபன் கோக், நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் கரெக் தீ, பென் எ கரெக், கிரெய்க் கோக் என்று அணைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து மேலே போகிறோம். மலைச் சைக்கிளின் சவாலை எதிர்பார்ப்பவர்களுக்கு இது எளிதாகத் தோன்றக்கூடும். ஆனால் கை, கால், பிரேக், கியர் எல்லாம் ஒத்துழைக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளவும், ஒரு பள்ளத்தாக்கின் அமைப்பைக் கண்ணால் படித்துக்கொள்ளவும் இதைவிட நல்ல பாதை அந்தப் பகுதியில் இல்லை. கிரெய்க் கோக் தாண்டி, நீர்த்தேக்கத்தின் தலைப்பகுதியில் உள்ள போன்ட் ஆர் எலான் பாலம் வரை சென்று, அங்கிருந்து மலைச்சாலை வழியாக ரையடருக்கு இறங்கினால் அரை நாளில் ஒரு நல்ல சுற்று முடிந்துவிடும்.

இரண்டாம் நாள் கிளைர்வென். 1952-இல் இரண்டாம் எலிசபெத் அரசி திறந்து வைத்த இந்த அணை, பழைய அணைகள் எல்லாவற்றையும்விட உயரமானது, 56 மீட்டர். தார்ச்சாலை அணையோடு முடிகிறது. அங்கிருந்து நீர்த்தேக்கத்தின் வடகரையை ஒட்டி, வளைந்து வளைந்து, கிளைர்வென் பண்ணை வரை ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் கல்தடம் செல்கிறது. வண்டிகளுக்காக உண்டான தடம் என்பதால் அகலம் உண்டு, திசை தவறும் அச்சம் இல்லை. ஆனால் குண்டும் குழியுமாகக் கல் துருத்திக்கொண்டிருக்கும், மழைக்குப் பிறகு குளங்கள் தேங்கியிருக்கும், ஓடைகள் குறுக்கிடும், சில சமயம் நான்கு சக்கர வாகனங்களும் எதிரே வரும். பண்ணையைத் தாண்டி மேலே ஏறினால் நீர்ப்பிரிமேடு வருகிறது. அதுவரை கண்ட ஓடைகள் எல்லாம் கிளைர்வெனில் விழுந்து, எலானில் கலந்து, வை ஆற்றோடு தென்கிழக்கே நெடுந்தூரம் சென்று செவர்ன் கழிமுகத்தில் கடலை அடைபவை. மேட்டைத் தாண்டியதும் டைஃபி ஏரிகள் வருகின்றன. அங்கே பிறக்கும் டைஃபி ஆறு மேற்கே கார்டிகன் வளைகுடாவுக்கு ஓடுகிறது. அந்த ஏரிகளின் வழியாக இறங்கும்போதுதான் காற்று மாறுவதும், கடல் பக்கத்து மேகம் முகத்தில் அடிப்பதும், ஒரு மலையின் முதுகைக் கடந்திருக்கிறோம் என்பதும் உடலுக்கே தெரிய வரும்.

இறங்கும் இடம் ஸ்ட்ராட்டா ஃப்ளோரிடா. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிஸ்டர்சியன் துறவிகள் நிறுவிய மடத்தின் சிதைவுகள் அங்கே இருக்கின்றன. வேலைப்பாடு மிக்க மேற்கு வாயில் மட்டும் இன்றும் நிற்கிறது. உணவு முடித்து, ஃபையர் ரோஸ், இஸ்பிட்டி அஸ்ட்வித், கும் அஸ்ட்வித் என்று கிராமச் சாலைகளில் வடக்கே சென்று, அஸ்ட்வித் பள்ளத்தாக்கின் வழியாக ஏறி, போன்ட் ஆர் எலான் கடந்து ரையடருக்குத் திரும்பலாம். மொத்தம் எழுபது கிலோமீட்டருக்கு மேல் வரும். கோடையில் காலையிலேயே கிளம்பினால் நிதானமாக முடிக்கலாம். குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் முயலவே வேண்டாம். கும் அஸ்ட்வித்தில் சாலையோரம் முழுவதும் சாம்பல் நிறக் கழிவுக்குவியல்கள் தெரியும். வெண்கலக் காலத்திலேயே செம்பு தோண்டப்பட்டு, பின்னர் ஈயமும் துத்தநாகமும் எடுக்கப்பட்ட சுரங்கங்களின் எச்சம் அவை. அந்தக் குவியல்களில் இன்றும் புல் முளைக்காத இடங்கள் உண்டு. சுரங்கப் பகுதிகளுக்குக் கீழே ஓடும் ஓடைகளில் கண்ணாடிபோல் தெளிந்த நீர் இருந்தாலும் குடிக்கக் கூடாது. சாதாரண வடிகட்டி கிருமிகளை நீக்குமே தவிர, கரைந்திருக்கும் உலோகத்தை நீக்காது.

வரைபடத்தில் ஸ்ட்ராட்டா ஃப்ளோரிடாவிலிருந்து கிழக்கே ஒரு நேர்கோடுபோல ‘மங்க்ஸ் டிராட்’ என்ற பாதை கண்ணில் படும். இந்த மடத்தையும் அபிகும்ஹிர் மடத்தையும் இணைக்கத் துறவிகள் நடந்த வழி அது. பெயரைக் கண்டு மயங்கி அதை நாள் திட்டத்தில் சேர்ப்பவர்கள் அநேகர். நடப்பவருக்குக் குறுக்குவழி முக்கியம். சேறு ஒரு பொருட்டல்ல. ஆகவே அது பள்ளத்தாக்குகளைச் சுற்றிக்கொண்டு போகாமல், உயர்ந்த பீடபூமியின் கரிச்சேற்றின் மேலேயே செல்கிறது. பிற்காலத்தில் மோட்டார் வாகனங்கள் அந்தச் சேற்றை ஆழமாகக் கிழித்துவிட்டன. மேற்குப் பகுதியில் சைக்கிளை ஓட்டும் நேரத்தைவிடத் தோளில் சுமக்கும் நேரமே கூடுதலாக இருக்கும். கரிச்சேறு என்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாசி மக்கிச் சேர்ந்த படிவம். சக்கரம் ஒருமுறை கிழித்த கோடு வாய்க்காலாகி, நீரை வடித்து, பக்கத்துச் சேற்றையும் உலர்த்திவிடும். நீண்ட வறட்சிக்குப் பிறகோ நிலம் உறைந்திருக்கும்போதோ அல்லாமல் அதில் போகாதீர்கள். சேறு வரும் இடத்தில் சுற்றிக்கொண்டு போய்ப் பாதையை அகலப்படுத்துவதைவிட, இறங்கி நடுவிலேயே தள்ளிக்கொண்டு போவதுதான் சரி.

மாட்டு வணிகர்களின் வழிகள் இதற்கு நேர்மாறு. மந்தை களைத்தால் எடை குறையும், எடை குறைந்தால் விலை குறையும்; எனவே அவர்கள் பெரும்பாலும் மிதமான ஏற்றத்தையும், உறுதியான தரையையும், புல்லும் நீரும் கிடைக்கும் இடங்களையும் தேடிப் போனார்கள். ட்ரெகாரனிலிருந்து அபர்கெஸின் செல்லும் மலைச்சாலை அத்தகைய வழிதான், அதிலுள்ள டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் என்ற கொடிய ஏற்றம் ஒரு விதிவிலக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் வந்ததும் மந்தைகள் நின்றுபோயின, ஆனால் வழிகள் குதிரைப்பாதைகளாகத் தங்கிவிட்டன. வரைபடத்தில் மேட்டு முகட்டை ஒட்டி, இருபுறமும் கல்வேலியோடு, தேவைக்கு மீறிய அகலத்தில் ஒரு குதிரைப்பாதையைக் கண்டால் அதை முதலில் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது நாள் கிடைத்தால், அந்த மலைத்தொடரிலேயே நான் மிகவும் நேசிக்கும் டோய்த்தி பள்ளத்தாக்கைப் பரிந்துரைப்பேன். டின் கோர்னெல் என்ற பழைய பண்ணைவீடு, இப்போது எளிய விடுதி, பள்ளத்தாக்கின் தலையில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே ரான்டிர்முயின் பக்கம் இறங்கும் குதிரைப்பாதை ஆற்றுக்கு மேலே, மலைச்சரிவின் விலாவில் ஒற்றைத் தடமாகச் செல்கிறது. தார்ச்சாலை எதுவும் அந்தப் பள்ளத்தாக்கின் நடுவே நுழைவதில்லை. வடக்கிலிருந்து தெற்காக ஓட்டினால் பெரும்பகுதி இறக்கம். ஆனால் எளிய இறக்கம் அல்ல. பாறைப்படிகள், பெரணி மூடிய விளிம்புகள், ஓடைகள் வெட்டிய பள்ளங்கள் அடுத்தடுத்து வரும். ஒருபுறம் சரிவு என்பதால் தடுமாறினால் உருள வேண்டியிருக்கும். கீழே போகப் போக ஓக் மரக்காடு தொடங்குகிறது. பிரிட்டனின் மற்ற பகுதிகளில் சுட்டும் நஞ்சு வைத்தும் அழிக்கப்பட்ட ரெட் கைட் என்ற செந்நிறப் பருந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சில இணைகளாக எஞ்சியது டோய்த்தி சென்று கலக்கும் டவி ஆற்றின் இந்தப் பள்ளத்தாக்குகளில்தான். இன்று தலைக்கு மேலே பிளந்த வாலைத் திருப்பித் திருப்பி வட்டமிடும் பறவைகள் அந்தச் சிலவற்றின் வழித்தோன்றல்கள்.

அதே பக்கத்தில் லின் பிரியான் நீர்த்தேக்கத்தைச் சுற்றி சிட்கா ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களின் அடர்ந்த காடு இருக்கிறது. இது இயற்கைக் காடு அல்ல, மரத்துக்காக நட்டு வளர்த்தது. உள்ளே செல்லும் ஜல்லிச் சாலைகள் நல்ல இணைப்பு வழிகள். மலைமேல் காற்று தாங்க முடியாமல் வீசும் நாளில் அவையே புகலிடம். ஆனால் மரம் வெட்டும் காலத்தில் அவை மூடப்படும். வேல்ஸில் 2010 முதல் லார்ச் மரங்களைத் தாக்கிவரும் பைட்டோஃப்தோரா நோயாலும் பல இடங்களில் அவசரமாக மரங்களை அகற்ற வேண்டியிருக்கிறது. தடுப்புப் பலகை இருந்தால், அன்று ஆள் யாரும் இல்லாவிட்டாலும், உள்ளே போகக் கூடாது. பாதி அறுத்த மரங்கள் எப்போது சாயும் என்று சொல்ல முடியாது. வரைபடத்தில் பச்சைக்கோடாக உள்ள குதிரைப்பாதை காட்டுக்குள் மரம் நட்டதில் மறைந்துபோயிருப்பதும் உண்டு. அப்போது பக்கத்து ஜல்லிச் சாலையில் போய் மறுமுனையில் பிடித்துக்கொள்வதே வழி.

ஆறுகளைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அந்தப் பாறை நீரை உறிஞ்சாது. பீடபூமிச் சேறும் பெரும்பாலும் நிறைந்தே இருக்கும். எனவே பெய்யும் மழை சில மணி நேரத்தில் ஓடைக்கு வந்துவிடும், மழை நின்றால் அதே வேகத்தில் வடிந்தும் விடும். நீரில் இறங்கிக் கடக்க வேண்டிய கடவில், காலையில் கணுக்கால் அளவு இருந்த இடத்தில், மாலையில் இடுப்பளவு நீர் ஓடலாம். வரைபடத்தில் பாதை ஆற்றைக் கடக்கும் இடத்தில் பாலம் குறிக்கப்படாவிட்டால் அது கடவுதான். அப்படிப்பட்ட கடவுகளை நாளின் முற்பகுதியில் வரும்படி அமைத்து, ஒவ்வொன்றுக்கும் பாலம் வழியான மாற்றுவழி ஒன்றை முன்கூட்டியே குறித்து வையுங்கள். முழங்காலுக்கு மேல் கலங்கிய நீர் வேகமாக ஓடினால் கடக்காதீர்கள். சைக்கிளை ஊன்றுகோலாக நினைத்து இறங்குவது ஆபத்து. சக்கரங்களை நீர் பிடித்து இழுக்கும், ஆளையும் சேர்த்து இழுக்கும்.

பொருட்களைப் பொறுத்தவரை, விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை. முன்புறம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ளதே போதும். நல்ல பிடிப்புள்ள அகலமான டயரும், ஏற்றத்துக்கு மிகச் சிறிய கியரும், ஒரு ஜோடி உபரி பிரேக் பேடும் அவசியம். ஈரமும் கல்துகளும் சேர்ந்து புதிய பேடை ஒரே நாளில் தேய்த்துவிடும். நனையாத மேலாடை, உலர்ந்த கம்பளி உள்ளாடை, விளக்கு ஆகியவற்றைக் கோடையிலும் எடுத்துச் செல்லுங்கள். பள்ளத்தாக்குகளில் கைப்பேசித் தொடர்பு பெரும்பாலும் கிடைக்காது. அவசர உதவி எண்ணான 999-ஐக் குறுஞ்செய்தி மூலம் அழைக்கும் வசதிக்கு வீட்டிலிருந்தே பதிவு செய்து வையுங்கள். குரல் அழைப்பு போகாத பலவீனமான சிக்னலிலும் குறுஞ்செய்தி போய்விடுவதுண்டு. விபத்தென்றால் காவல்துறையைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். பெரணி வழியாக ஓட்டிய நாளின் இரவில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று கால்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். லைம் நோய் அதனால் வருவது.

டிரெயில் சென்டர்கள் வேண்டாம் என்று கேட்டிருந்தாலும், மழையில் மலைப்பாதைகள் ஊறிப்போயிருக்கும் நாளுக்கு மாற்றாக இரண்டைச் சொல்லி வைக்கிறேன். டோல்கெத்லைக்கு அருகில் உள்ள கோய்ட் எ பிரெனின், பிரிட்டனில் மலைச் சைக்கிளுக்கென்றே தடங்கள் அமைக்கப்பட்ட முதல் காடு; 1990-களில் தொடங்கியது. அபெரிஸ்ட்வித் அருகில் உள்ள நான்ட் ஏர் ஏரியன் இன்னொன்று. கல் பரப்பிய தடங்கள் என்பதால் மழை அவற்றைக் கெடுக்காது. 2025 மார்ச் இறுதியில் இவ்விரண்டிலும் வேல்ஸ் இயற்கை வள நிறுவனம் நடத்திவந்த உணவகமும் கடையும் மூடப்பட்டன, ஆகவே உணவைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

ஒரு வாரம் கிடைத்தால் டிரான்ஸ் கேம்பிரியன் வழியைப் பாருங்கள். இங்கிலாந்து எல்லையிலுள்ள நைட்டனில் தொடங்கி, ரையடர், எலான் வழியாக மலைத்தொடரைக் குறுக்கே கடந்து, மஹன்லெத் தாண்டிக் கடலோரச் சமவெளி வரை சுமார் 160 கிலோமீட்டர். இரு முனைகளிலும் ரயில் நிலையங்கள் இருப்பது பெரிய வசதி. ரையடருக்கோ 1962-இன் இறுதியில் ரயில் நின்றுவிட்டது. மூன்று நாளில் முடிப்பவர்கள் பலர். நான்கு அல்லது ஐந்து நாள் எடுத்துக்கொண்டால் கடவுகளில் நீர் வடியக் காத்திருக்கலாம். ரயிலில் சைக்கிளுக்கான இடம் மிகக் குறைவு, முன்பதிவு செய்துவிடுங்கள்.

காலம் என்று கேட்டால், மே மாதப் பின்பாதியிலிருந்து ஜூன் முடிய, பிறகு செப்டம்பர். மார்ச், ஏப்ரலில் ஆடுகள் குட்டி ஈனும். அப்போது பண்ணைகளின் ஊடே செல்லும் பாதைகளில் மெதுவாகப் போக வேண்டும், தாயையும் குட்டியையும் பிரிக்கும்படி நடுவே புகக் கூடாது. ஜூலை, ஆகஸ்டில் பெரணி தோளளவு வளர்ந்து டோய்த்திப் பாதையின் விளிம்பை மறைத்துவிடும். கதவுகள் திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியும் விட்டுச் செல்லுங்கள். காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால், முடிந்தவரை காலையில் மேற்கு நோக்கியும் மாலையில் கிழக்கு நோக்கியும் ஓட்டும்படி சுற்றை அமைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கிளைர்வென் சுற்று அப்படியே அமைந்திருக்கிறது. கடைசி 24 கிலோமீட்டரில், கும் அஸ்ட்வித்திலிருந்து ரையடர் வரை, காற்று முதுகில்தான் இருக்கும்.